பிரெஞ்சு வரலாற்றில் தலைகுனிந்த தருணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸ் என்றால் புரட்சி, ஈஃபில் கோபுரம், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்றுதான் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அதே நாட்டின் வரலாற்றில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் சறுக்கல்களும் உண்டு, படித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத சம்பவங்களும் உண்டு. இரண்டைப் பற்றியும் கலந்துகட்டித்தான் கேள்விகள் வரும் என்பதால் பதில்களும் அப்படியே இருக்கின்றன.

போரில் தோற்றதையெல்லாம் அவமானக் கணக்கில் சேர்க்கலாமா?

என்னைக் கேட்டால் சேர்க்கக் கூடாது. தோற்பது சங்கடம், அவ்வளவுதான். தோற்காத நாடு எது? ஓர் அரசு தெரிந்தே ஒரு கொடுமையைச் செய்துவிட்டு, அப்புறம் பல ஆண்டுகள் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்தால் அதுதான் அவமானம். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு சம்பவத்திலும் இரண்டு ஆண்டுகளைக் கவனியுங்கள்: நடந்த ஆண்டு ஒன்று, அரசு வாய் திறந்த ஆண்டு இன்னொன்று.

சண்டை என்று வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள் என்ற கேலி நியாயமா?

இந்தக் கேலிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1940. மே 10 அன்று ஜெர்மனி மேற்கே பாய்ந்தது, ஜூன் 22 அன்று பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. ஆறே வாரம். 1918இல் ஜெர்மானியர்கள் தோற்றுக் கையெழுத்துப் போட்ட அதே ரயில் பெட்டியைத் தேடி எடுத்து, கொம்பியேன் காட்டில் அதே இடத்துக்கு இழுத்து வந்து, பிரெஞ்சுத் தூதுக்குழுவை அதற்குள் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார் ஹிட்லர்.

ஆனால் அந்த ஆறு வாரத்தில் பிரெஞ்சுப் படையினர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சண்டை போடாதவர்கள் அப்படிச் சாக மாட்டார்கள். சொதப்பியது மேலிடம். ஜெர்மன் எல்லையில் மாஜினோ கோட்டை வரிசையைக் கட்டிய தளபதிகள் ஆர்தென் காட்டில் கோட்டை விட்டார்கள். அந்தக் காட்டு வழியாக டாங்கிப் படை வராது என்று நம்பினார்கள், அது அந்த வழியாகவே வந்தது.

சங்கடக் கணக்கில் 1870 இதைவிடப் பெரியது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தானே போர்முனைக்குப் போய், செப்டம்பர் 2 அன்று செதான் என்ற ஊரில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீரர்களோடு ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் பிடிபட்டார். அடுத்த ஜனவரியில் ஜெர்மன் பேரரசு உதயமானதாக அறிவித்தார்கள். எங்கே தெரியுமா? பெர்லினில் இல்லை, வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில். கூடவே 500 கோடி ஃபிராங்க் தண்டத் தொகை. அதை பிரான்ஸ் 1873இலேயே கட்டி முடித்துவிட்டது. இந்தத் தண்டத் தொகையை நினைவில் வையுங்கள், ஹைத்தி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

சிரிக்கலாம் என்கிற அளவுக்கு ஏதாவது உண்டா?

தாராளமாக உண்டு. 1807இல் ரஷ்யாவோடும் பிரஷ்யாவோடும் தில்சிட் சமாதான ஒப்பந்தம் முடிந்த மகிழ்ச்சியில் நெப்போலியனுக்காக அவருடைய தளபதி பெர்த்தியே முயல் வேட்டைக்கு ஏற்பாடு செய்தார். காட்டு முயல்களுக்குப் பதிலாக வீட்டில் வளர்ந்த முயல்களை வாங்கிக் குவித்துவிட்டார்கள். திறந்துவிட்டதும் அவை ஓடவில்லை. தீனி போடும் ஆள் வந்துவிட்டார் என்று சக்கரவர்த்தியை நோக்கிப் பாய்ந்து வந்தன. நெப்போலியன் வண்டியில் ஏறித் தப்பித்தார். இது தளபதி தியபோ தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்தது. கொஞ்சம் மசாலா தூவியிருக்கலாம், ஆனாலும் விட மனமில்லை.

1838இல் மெக்சிகோவோடு நடந்த போருக்கு 'பேஸ்ட்ரி போர்' என்றே பெயர். மெக்சிகோவில் கடை வைத்திருந்த ஒரு பிரெஞ்சு பேஸ்ட்ரிக்காரர், கலவரத்தில் தன் கடை சூறையாடப்பட்டது என்று நஷ்டஈடு கேட்டார். மற்ற பிரெஞ்சு வணிகர்களின் கோரிக்கைகளையும் சேர்த்து 6 லட்சம் பெசோ கேட்ட பாரிஸ், கிடைக்காததால் கப்பற்படையை அனுப்பி வெராக்ரூஸ் துறைமுகத்தைக் குண்டுவீசித் தகர்த்தது. சிரிப்பு அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

1393 ஜனவரியில் நடந்தது பாதிச் சிரிப்பு, பாதி பயங்கரம். ஆறாம் சார்ல் மன்னரும் ஐந்து பிரபுக்களும் காட்டுமனிதர் வேடம் கட்டி அரண்மனையில் ஆடினார்கள். வேடம் என்றால், பிசின் தோய்த்த துணியில் நார் ஒட்டிய உடை. யார் என்று பார்க்கும் ஆர்வத்தில் மன்னரின் தம்பி தீப்பந்தத்தைக் கிட்டே கொண்டு போக, குப்பென்று பற்றிக்கொண்டது. நான்கு பேர் இறந்தார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டியில் குதித்துப் பிழைத்தார். மன்னரை அவருடைய இளம் சித்தி தன் பாவாடையைப் போர்த்திக் காப்பாற்றினார். ஏற்கெனவே மனநோயால் அவதிப்பட்டிருந்த அந்த மன்னர், பின்னாளில் தன் உடம்பு கண்ணாடியால் ஆனது, யாராவது தொட்டால் உடைந்துவிடும் என்று பயந்து வாழ்ந்தார். அவர் ஆட்சியில்தான் 1415இல் அஜன்கூர் சேற்றில் பிரெஞ்சுப் பிரபுக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள்.

பிரெஞ்சுப் படையை முன்னின்று நடத்திய இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்தது ஆங்கிலேயர்கள்தானே?

தீ வைத்தது ஆங்கிலேயரின் கட்டுப்பாட்டில் இருந்த ரூவான் நகரில், 1431 மே 30 அன்று. ஆனால் அவரைப் பிடித்து விற்றவர்கள் ஆங்கிலேயரோடு கூட்டணி வைத்திருந்த, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதிக்காரர்கள். விசாரணையை நடத்தியவர் பியேர் கோஷோன் என்ற பிரெஞ்சு ஆயர். ஜோன் சமயத் துரோகி என்று கருத்துச் சொன்னது பாரிஸ் பல்கலைக்கழகம். அவரால் முடிசூடிய ஏழாம் சார்ல் மன்னர், பணயத் தொகை கொடுத்து மீட்க ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. 25 ஆண்டு கழித்து, 1456இல், மறுவிசாரணை நடத்தி அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். அதற்குள் மன்னருக்கும் தன் முடிசூட்டலின் மீதிருந்த களங்கத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

புனித பார்த்தலோமியோ நாள் படுகொலை என்பது என்ன?

1572 ஆகஸ்டில் அரச குடும்பத்துக் கத்தோலிக்கப் பெண்ணுக்கும் புராட்டஸ்டண்ட் இளவரசர் ஹென்றிக்கும் பாரிஸில் கல்யாணம். சமாதானத்துக்காகச் செய்துவைத்த கல்யாணம் அது. விருந்துக்கு வந்திருந்த புராட்டஸ்டண்ட் தலைவர்களை ஆகஸ்ட் 24 விடியலில் அரண்மனை உத்தரவோடு வெட்டினார்கள். அப்புறம் ஊரே கத்தியோடு இறங்கியது. நாடு முழுக்க இறந்தவர்கள் 5,000 முதல் 30,000 வரை என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். ரோமில் போப்பாண்டவர் இதைக் கொண்டாட ஒரு பதக்கமே வெளியிட்டார்.

லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் கதை என்ன?

சிபாரிசில் வேலை கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

1816. நெப்போலியன் வீழ்ந்து மன்னராட்சி திரும்பிவிட்டது. செனகலை பிரிட்டன் திருப்பித் தருகிறது. பொறுப்பேற்கப் புதிய ஆளுநர், அதிகாரிகள், சிப்பாய்கள் என்று சுமார் 400 பேரோடு 'மெதூசா' என்ற போர்க்கப்பல் புறப்படுகிறது. அதற்குக் கேப்டனாகப் போடப்பட்டவர் ஷோமரே என்ற பிரபு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கப்பல் ஓட்டாதவர். புரட்சிக் காலத்தில் மன்னர் பக்கம் நின்றார் என்பதே அவருடைய தகுதி. கூட வந்த கப்பல்களை விட்டுவிட்டு முந்திக்கொண்டு போனவர், ஜூலை 2 அன்று, தெளிவான வானிலையில், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருந்த ஆர்கேன் மணல் திட்டில் கப்பலை ஏற்றிவிட்டார்.

படகுகளில் எல்லோருக்கும் இடமில்லை. பாய்மரங்களையும் பலகைகளையும் சேர்த்துக் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். அதில் ஏற்றியது 147 பேரை. ஏறியதும் இடுப்பளவு தண்ணீரில் அமிழ்ந்தது. ஆளுநரும் கேப்டனும் படகுகளில் ஏறிக்கொண்டார்கள். படகுகள் தெப்பத்தைக் கயிறு கட்டி இழுத்துப் போவதாக ஏற்பாடு. கொஞ்ச தூரம் போனதும் கயிறுகள் அவிழ்க்கப்பட்டன, படகுகள் போய்விட்டன.

தெப்பத்தில் இருந்தது கொஞ்சம் நனைந்த பிஸ்கட்டும் சில பீப்பாய் ஒயினும். முதல் இரவுகளிலேயே கலகம், வெட்டுக்குத்து. சில நாளில் இறந்தவர்களின் சதையைத் தின்னத் தொடங்கினார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று தோன்றிய காயக்காரர்களைக் கடலில் தள்ளினார்கள். 13ஆம் நாள் ஒரு கப்பல் தற்செயலாகப் பார்த்து மீட்டபோது உயிரோடு இருந்தவர்கள் 15 பேர். அதிலும் ஐந்து பேர் சில நாட்களில் இறந்தார்கள்.

கப்பற்படை அமைச்சகம் இதை அமுக்கப் பார்த்தது. தப்பித்த கப்பல் மருத்துவர் சவிஞி எழுதிய அறிக்கை பத்திரிகைக்குக் கசிந்து நாடே கொதித்தது. கேப்டனுக்கு மூன்று ஆண்டு சிறை. ஜெரிகோ என்ற இளம் ஓவியர் தப்பியவர்களைத் தேடிப் பேசி 7 மீட்டர் அகலத்தில் அந்தக் காட்சியை வரைந்தார். 1819 கண்காட்சியில் அதற்கு 'ஒரு கப்பல் விபத்துக் காட்சி' என்று மொட்டையாகப் பெயர் வைத்தார்கள். எந்தக் கப்பல் என்று பார்த்தவர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

விடுதலை அடைந்த ஹைத்தி பிரான்ஸுக்கு நஷ்டஈடு கொடுத்ததா? தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழாகத்தான் நடந்தது. இன்றைய ஹைத்தி அன்று சன் தொமேங் என்ற பிரெஞ்சுக் காலனி. சர்க்கரையும் காப்பியும் கொழித்த, பிரான்ஸின் மிகப் பணக்காரக் காலனி. அதை உழைத்து உருவாக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1791இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794இல் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருமுறை ஒழித்துவிட்டு மறுபடி சட்டம் போட்டு அடிமை முறையைக் கொண்டுவந்த பெருமை பிரான்ஸுடையது. கிளர்ச்சியின் தலைவர் தூசான் லூவெர்த்தூரை ஏமாற்றிப் பிடித்து பிரான்ஸுக்குக் கொண்டுபோய் ஜூரா மலையின் குளிர்ந்த கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அவர் அங்கேயே இறந்தார். ஆனால் தீவை மீட்கப் போன பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி சுதந்திரம் அறிவித்தது.

21 ஆண்டு கழித்து, 1825இல், பத்தாம் சார்ல் மன்னர் 14 போர்க்கப்பல்களை அனுப்பினார். 15 கோடி ஃபிராங்க் கொடுத்தால் உங்கள் சுதந்திரத்தை அங்கீகரிக்கிறோம், இல்லையென்றால் போர். எதற்காகப் பணம்? பண்ணையாளர்கள் இழந்த சொத்துக்காக. அந்தச் சொத்துக் கணக்கில் மனிதர்களும் அடக்கம். அதாவது, விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடம்புக்கே விலை கட்ட வேண்டும்.

முதல் தவணையான 3 கோடியைக் கட்ட ஹைத்தியிடம் பணமில்லை. பாரிஸ் வங்கிகளிடமே கடன் வாங்கச் சொன்னார்கள். வங்கிக்காரர்கள் 60 லட்சத்தைத் தங்கள் பங்காகப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். நஷ்டஈட்டை 1880களில் ஒருவழியாகக் கட்டி முடித்தாலும், அதற்காக வாங்கிய கடன்களும் அவற்றை அடைக்க வாங்கிய கடன்களும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இழுத்தன. ஜெர்மனியிடம் தோற்ற தண்டத்தை பிரான்ஸ் இரண்டே ஆண்டில் கட்டி முடித்தது என்றேனே, ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: 1880இல் ஹைத்தியின் தேசிய வங்கியைத் தொடங்கிப் பாரிஸிலிருந்து நடத்தி அதில் லாபம் பார்த்த வங்கி, ஈஃபில் கோபுரத்துக்கு நிதி கொடுத்தவற்றில் ஒன்று.

2003இல் ஹைத்தி அதிபர் அரிஸ்டிட் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். பாரிஸ் தள்ளுபடி செய்தது. 2015இல் அதிபர் ஒலாந்த் அந்தக் கடனைத் தீர்ப்பேன் என்று மேடையில் முழங்க, சில மணி நேரத்திலேயே அவருடைய அலுவலகம் அது தார்மீகக் கடனைப் பற்றிய பேச்சு, பணத்தைப் பற்றியது அல்ல என்று விளக்கம் கொடுத்தது. 2025 ஏப்ரல் 17, அந்த உத்தரவு பிறந்த 200ஆம் ஆண்டு நிறைவு. அன்று அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாளர்களைக் கொண்ட ஆணையம் ஒன்றை அறிவித்தார். பணத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் இல்லை.

ட்ரேஃபஸ் வழக்கைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1894. பிரெஞ்சு ராணுவ ரகசியங்களை ஜெர்மன் தூதரகத்துக்கு யாரோ விற்கிறார்கள் என்று குப்பைக்கூடையில் கிடைத்த ஒரு கடிதத்தால் தெரிந்தது. பழியை ஆல்ஃபிரட் ட்ரேஃபஸ் என்ற கேப்டன் மீது போட்டார்கள். கையெழுத்து ஓரளவு ஒத்துப்போனது, அதைவிட முக்கியமாக அவர் யூதர். மூடிய அறையில் விசாரணை நடந்தது. நீதிபதிகளுக்கு ஒரு ரகசியக் கோப்பைக் கொடுத்தார்கள், பிரதிவாதியின் வழக்கறிஞருக்கு அதைக் காட்டவே இல்லை. ஆயுள் தண்டனை.

1895 ஜனவரி 5 அன்று பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் அணிவகுத்த படையின் முன்னால் அவருடைய பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்து எறிந்தார்கள். வெளியே கூட்டம் யூதர்களுக்குச் சாவு என்று கத்தியது. பிறகு தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் சாத்தான் தீவு. கடலைக்கூடப் பார்க்க முடியாதபடி குடிசையைச் சுற்றி உயரமான வேலி. சில வாரங்கள் இரவில் கால்விலங்கு.

1896இல் உளவுப் பிரிவுத் தலைவர் பிக்கார், உண்மையான குற்றவாளி எஸ்தர்ஹாசி என்ற அதிகாரிதான் என்று கண்டுபிடித்தார். இவரும் யூதர்களைப் பெரிதாக நேசித்தவர் இல்லை, ஆனால் பொய்க்குத் துணைபோக மறுத்தார். பரிசாக அவரை வட ஆப்பிரிக்காவுக்கு மாற்றினார்கள். அவருக்குக் கீழே இருந்த ஆன்றி என்ற அதிகாரி ட்ரேஃபஸுக்கு எதிராகப் போலி ஆவணம் தயாரித்தார். எஸ்தர்ஹாசியை ராணுவ நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு நாள் கழித்து, 1898 ஜனவரி 13 அன்று, எழுத்தாளர் எமில் ஸோலா பத்திரிகையின் முதல் பக்கத்தில் 'நான் குற்றம் சாட்டுகிறேன்' என்று தளபதிகளின் பெயர்களைப் போட்டு எழுதினார். அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தார்கள், இங்கிலாந்துக்கு ஓடினார். அதே ஆண்டு ஆன்றியின் போலி ஆவணம் அம்பலமாகி, அவர் சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

அப்போதாவது விட்டார்களா? 1899இல் மறுவிசாரணை. மறுபடியும் குற்றவாளி என்றே தீர்ப்பு, ஆனால் 'குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் சூழல்' இருக்கிறதாம், பத்தாண்டு சிறையாம். நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு அப்படி என்ன சூழல் என்று யாராலும் விளக்க முடியவில்லை. குடியரசுத் தலைவர் மன்னிப்பு அளித்து விடுவித்தார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு 1906இல்தான் வந்தது.

அதோடு முடிந்துவிட்டதா?

இல்லை. ராணுவத்தில் திரும்பச் சேர்த்தபோது தீவில் கழிந்த ஆண்டுகளைப் பணிக்காலத்தில் முழுதாகச் சேர்க்காததால் உரிய பதவி உயர்வு கிடைக்காமல் ஓய்வு பெற்றார். ஆனாலும் முதல் உலகப்போரில் திரும்பி வந்து பணியாற்றினார். 1980களில் அதிபர் மித்தரான் காலத்தில் அவருக்கு ஒரு சிலை செய்தபோது, பட்டை பிய்க்கப்பட்ட அதே ராணுவப் பள்ளி முற்றத்தில் வைக்க ராணுவம் மறுத்துவிட்டது. சிலை ஒரு பூங்காவுக்குப் போனது. 2025 ஜூனில் பிரெஞ்சு நாடாளுமன்றக் கீழவை அவரை பிரிகேடியர் ஜெனரல் ஆக்கும் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. அவர் இறந்து அப்போது ஏறக்குறைய 90 ஆண்டு ஆகியிருந்தது.

மனிதர்களைக் கண்காட்சியில் வைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை, அதுவும் 1931இல். பாரிஸில் பிரம்மாண்டமான காலனியக் கண்காட்சி நடந்த அதே காலத்தில், நியூ கலிடோனியாவிலிருந்து சுமார் நூறு கனாக் மக்களை அழைத்து வந்து ஒரு பூங்காவில் 'நரமாமிசம் தின்னும் காட்டுமிராண்டிகள்' என்று காட்டினார்கள். வந்தவர்களில் பிரெஞ்சு பேசும் படித்தவர்களும் இருந்தார்கள். பாரிஸைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஆசை காட்டிக் கூட்டி வந்து, பார்வையாளர்கள் முன்னால் உறுமச் சொன்னார்கள். கண்காட்சிக்கு வைத்திருந்த முதலைகள் செத்துப்போனதும், ஜெர்மனியிலிருந்து முதலைகளை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கனாக்கியரில் ஒரு பகுதியை அங்கே காட்சிக்கு அனுப்பினார்கள். 1998இல் உலகக் கோப்பை வென்ற பிரெஞ்சுக் கால்பந்து அணியின் கிறிஸ்டியன் கரம்பே, அப்படிக் காட்சிப் பொருளாக்கப்பட்ட ஒருவரின் கொள்ளுப்பேரன்.

அதற்கு முன் சாரா பார்ட்மேன் இருக்கிறார். தென்னாப்பிரிக்கப் பெண்ணான அவரை உயிரோடு இருந்தபோது மேடையில் காட்டினார்கள். 1815இல் இறந்ததும் உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புக்கூட்டையும் உறுப்புகளையும் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1974 வரை பொதுமக்கள் பார்வைக்கு இருந்தது. மண்டேலா கேட்ட பிறகும் எட்டாண்டு இழுத்து, தனிச் சட்டம் போட்டு, 2002இல்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

வெல் திவ் என்று சொல்கிறார்களே, அது நாஜிகள் செய்தது இல்லையா?

ஐம்பது ஆண்டுகள் அரசும் அதைத்தான் சொன்னது.

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,152 யூதர்களைக் கைது செய்தார்கள். அதில் 4,115 பேர் குழந்தைகள். வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்கள் பிரெஞ்சு போலீஸ்காரர்கள். கையில் இருந்தது பிரெஞ்சுக் காவல்துறை தயாரித்து வைத்திருந்த முகவரி அட்டைகள். ஏற்றிப்போனது பாரிஸ் நகரப் பேருந்துகளில். குடும்பங்களை வெலோத்ரோம் திவேர் (சுருக்கமாக வெல் திவ்) என்ற சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தார்கள். சுமார் 8,000 பேர், கோடை வெயில், குடிக்கத் தண்ணீர் போதாது, கழிப்பறைகள் பெரும்பாலும் பூட்டப்பட்டிருந்தன. அப்படி ஐந்து நாள். பிறகு முகாம்கள், அங்கே தாய்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து முதலில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள், பிள்ளைகளைப் பின்னால் அனுப்பினார்கள்.

ஜெர்மானியர்கள் முதலில் கேட்டது 16 வயதுக்கு மேற்பட்டவர்களை. குழந்தைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று முன்வந்தவர் பியேர் லவால், 1940 தோல்விக்குப் பின் ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசின் பிரதமர். யூதர்களை ஒதுக்கும் 1940 அக்டோபர் சட்டத்தையும் விஷி அரசு யாரும் நெருக்காமலே போட்டது. பிரான்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட சுமார் 76,000 யூதர்களில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். பிரான்ஸில் இருந்த யூதர்களில் முக்கால்வாசிப் பேர் பிழைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒளித்து வைத்த பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், பாதிரியார்கள் பலர் அதற்குக் காரணம். அந்தப் பெருமை விஷி அரசுக்குச் சேராது.

போர் முடிந்ததும் விஷி உண்மையான பிரான்ஸே இல்லை, உண்மையான பிரான்ஸ் லண்டனிலிருந்து ஜெர்மனியை எதிர்த்த தளபதி டி கோல் பக்கம் இருந்தது என்று ஒரு கதை கட்டினார்கள். மித்தரான் வரை எல்லா அதிபர்களும் அதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க மறுத்தார்கள். 1995 ஜூலை 16 அன்று ஷாக் ஷிராக்தான், அந்த நாளில் ஈடுசெய்ய முடியாததைச் செய்தது பிரான்ஸ் என்று வெளிப்படையாகச் சொன்னார். 53 ஆண்டு.

அதற்குக் காரணமான அதிகாரிகள் என்ன ஆனார்கள்?

பெரும்பாலோர் சுகமாக இருந்தார்கள். கைது நடவடிக்கைக்கு ஜெர்மானியரோடு பேரம் பேசிய காவல்துறைத் தலைவர் ரெனே பூஸ்கேக்கு 1949இல் பெயரளவில் ஒரு தண்டனை, உடனே அதுவும் ரத்து. பிறகு வங்கி நிர்வாகி ஆனார். 1993இல் வழக்கு நெருங்கும்போது ஒருவன் வீடு தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றான்.

மோரிஸ் பாப்போன் கதை இன்னும் நீளம். போர்க்காலத்தில் போர்தோ நகரில் யூதர்களை அனுப்பிவைத்த உத்தரவுகளில் கையெழுத்திட்ட இளம் அதிகாரி. போர் முடிந்ததும் எதிர்ப்பியக்கத்தோடு தொடர்பிருந்ததாகச் சான்று காட்டிப் பதவியில் தொடர்ந்தார். 1958இல் பாரிஸின் காவல்துறைத் தலைவர். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1961 அக்டோபர் 17 அன்று, அல்ஜீரியர்களுக்கு மட்டும் விதித்த ஊரடங்கை எதிர்த்து ஆயிரக்கணக்கான அல்ஜீரியர்கள் நிராயுதபாணிகளாக ஊர்வலம் வந்தபோது அவருடைய போலீஸ் அடித்துக் கொன்றது, சுட்டுக் கொன்றது, பலரை சேன் நதியில் வீசியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது. அரசு சொன்ன சாவு எண்ணிக்கை மூன்று. வரலாற்றாளர்கள் பல பத்துப் பேரிலிருந்து இருநூறுக்கும் மேல் வரை கணக்கிடுகிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. பாப்போன் அப்புறம் நாடாளுமன்ற உறுப்பினர், நிதிநிலை அமைச்சர்.

1981இல் ஒரு பத்திரிகை போர்தோ ஆவணங்களை வெளியிட்ட பிறகும் வழக்கு முடிய 17 ஆண்டு ஆனது. 1998இல் பத்தாண்டு சிறைத்தண்டனை. மூன்றாண்டுகூட ஆகவில்லை, உடல்நிலையைக் காரணம் காட்டி 2002இல் வெளியே வந்தார். 96 வயது வரை இருந்தார். 1961 படுகொலையை ஒரு பிரெஞ்சு அதிபர் முதன்முதலில் ஒப்புக்கொண்டது 2012இல்.

பிரான்ஸுக்காகப் போரிட்டவர்களையே சுட்டார்களாமே?

செனகலின் தியாரோய் முகாமில், 1944 டிசம்பர் 1. ஜெர்மானியரிடம் போர்க்கைதிகளாக இருந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் சுட்டது. 35 பேர் இறந்ததாக அறிவித்தது. உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்பது பலருடைய கணிப்பு. சுடப்பட்டவர்களின் தோழர்களைக் கலகக்காரர்கள் என்று சிறையில் போட்டார்கள். 'படுகொலை' என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொண்டது 2024இல்.

புதுச்சேரியில் நடந்தவை இந்தப் பட்டியலில் வருமா?

கட்டாயம் வரும். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த குழப்பத்தைச் சாக்காக வைத்து, பிரெஞ்சு ஆளுநர் துப்ளேவின் நிர்வாகம் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தது. பக்கத்தில் மாதா கோயில் வைத்திருந்த சேசு சபையினர் பல ஆண்டுகளாக விரும்பியது அது. துப்ளேவின் மனைவிக்கும் அதில் பங்கு உண்டு. துப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த நாட்களை மனம் நொந்து எழுதியிருக்கிறார். எஜமானரை எதிர்க்கவும் முடியாமல், ஊராருக்குப் பதில் சொல்லவும் முடியாமல் அவர் தவித்த தவிப்பு அந்தப் பக்கங்களில் தெரிகிறது. கோயில் பிற்பாடு வேறிடத்தில் எழுந்தது, இன்று காந்தி வீதியில் இருக்கிறது.

அடுத்தவர் லாலி. 1758இல் தளபதியாக வந்தவர், பாரம் சுமக்க ஊர் மக்களைக் கட்டாயப்படுத்தி, உள்ளூர் வழக்கம் எதையும் மதிக்காமல் எல்லோரையும் பகைத்துக்கொண்டார். 1760இல் வந்தவாசியில் தோற்றார், 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். தோல்விக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பணமும் படையும் அனுப்பாத பாரிஸ், 1766இல் வாயில் துணி அடைத்து அவர் தலையை வெட்டியது. வால்டேரின் எழுத்துப் போராட்டத்துக்குப் பிறகு 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. லாலி நல்லவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் தலை வேறு பலருடைய தவறுக்கு விலையாகப் போனது.

1848இல் அடிமை முறை முடிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக ரியூனியனுக்கும், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் ஏற்றினார்கள். ரியூனியனில் அவர்கள் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்து பிரிட்டிஷ் அரசே 1882இல் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. குவாதலூப்பில் பிறந்த இந்தியப் பிள்ளைகளுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டும் என்று ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல்தான் வென்றது.

மனித உரிமைப் பிரகடனம் செய்த நாட்டில் பெண்களுக்கு எப்போது வாக்குரிமை கிடைத்தது?

1944இல். ஜெர்மனி 1918இலும் துருக்கி 1934இலும் கொடுத்துவிட்டன. மணமான பெண் கணவர் சம்மதமின்றி வங்கிக் கணக்கு தொடங்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்குரிமை வந்த அதே 1944இல், ஜெர்மானியரோடு பழகினார்கள் என்று சுமார் 20,000 பெண்களுக்கு நடுத்தெருவில் மொட்டை அடித்தார்கள். பூஸ்கே தலையில் யாரும் கை வைக்கவில்லை.

ரெயின்போ வாரியர் விவகாரம் சங்கடமா, அவமானமா?

இரண்டும். பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளை எதிர்க்கப் புறப்படவிருந்த கிரீன்பீஸ் கப்பலை, 1985 ஜூலை 10 அன்று ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்து மூழ்கடித்தது. நட்பு நாட்டின் துறைமுகத்தில்! பெர்னாண்டோ பெரேரா என்ற புகைப்படக்காரர் இறந்தார். தேனிலவுக்கு வந்த சுவிஸ் தம்பதி என்று போலி பாஸ்போர்ட்டில் வந்திருந்த இரண்டு உளவாளிகள் வாடகை வேனால் மாட்டிக்கொண்டார்கள். பாரிஸ் முதலில் ஒன்றும் தெரியாது என்றது. செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார், பிரதமர் ஃபாபியுஸ் ஒப்புக்கொண்டார். பத்தாண்டு தண்டனை பெற்ற இருவரும் ஒரு பிரெஞ்சுத் தீவுக்கு மாற்றப்பட்டு, 1988 மே மாதத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். மித்தரானே அனுமதி கொடுத்திருந்தார் என்பது 2005இல் வெளியானது.

அல்ஜீரிய விடுதலைப் போரில் சித்திரவதை செய்த பிரெஞ்சுப் படையினர் தண்டிக்கப்பட்டார்களா?

1962இலேயே பொதுமன்னிப்புச் சட்டங்கள் வந்துவிட்டதால் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2001இல் தளபதி ஒசாரெஸ் தான் சித்திரவதை செய்ததையும் கைதிகளைக் கொன்றதையும் புத்தகமாகவே எழுதினார். செய்ததற்கு வழக்குப் போட முடியவில்லை. அதை நியாயப்படுத்தி எழுதியதற்கு அபராதம் விதித்தார்கள். 1957இல் ராணுவம் பிடித்துப்போன மோரிஸ் ஓதேன் என்ற இளம் கணித ஆசிரியர் தப்பி ஓடிவிட்டார் என்று சொல்லி வந்த பொய்யை 2018இல் அரசு கைவிட்டது. இதற்கு நடுவே 2005இல், காலனி ஆட்சியின் 'நல்ல பங்களிப்பை'ப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று ஒரு சட்டமே போட்டார்கள். மார்த்தினிக் கவிஞர் எமே செசேர், அன்றைய உள்துறை அமைச்சர் சர்கோசியைச் சந்திக்கவே மறுத்தார். அடுத்த ஆண்டு அந்த வரியை நீக்கினார்கள்.

அண்மைக் காலத்தில் சங்கடம் ஏதும் இல்லையா?

2010 உலகக் கோப்பையில் பயிற்சியாளரைத் திட்டிய அனெல்காவை வீட்டுக்கு அனுப்பியதால், மொத்த அணியும் பேருந்தைவிட்டு இறங்க மறுத்துப் பயிற்சியைப் புறக்கணித்தது. வீரர்களின் கண்டன அறிக்கையைத் தொலைக்காட்சிகளின் முன்னால் வாசித்தவர் அதே பயிற்சியாளர். 2025 அக்டோபரில் பட்டப்பகலில் லாரி ஏணி வைத்து ஏறி லூவ்ரில் 8.8 கோடி யூரோ மதிப்புள்ள அரச நகைகளைச் சில நிமிடங்களில் தூக்கிப்போனார்கள். 1911இல் மோனாலிசா அதே இடத்திலிருந்து காணாமல் போனபோது மறுநாள்தான் கவனித்தார்கள்.

இன்னும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பவை?

ஹைத்தி பணம் முதலாவது. அடுத்தது அணுகுண்டுச் சோதனைகள். 1960 முதல் 1966 வரை அல்ஜீரியப் பாலைவனத்தில் 17, பிறகு 1996 வரை பிரெஞ்சு பாலினீசியாவில் 193. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2010இல்தான் வந்தது. அதன் விதிகள் எவ்வளவு கறாராக இருந்தன என்றால், தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் மக்ரோன் தஹித்திக்குப் போய், நாடு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.